இங்கிலாந்துக் கிராமத்தின் கடை, பப், பண்ணை: வரிச் சலுகை எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு, எண்ணூறு பேர் இருப்பார்கள். ஒரு தேவாலயம், ஒரு மளிகைக் கடை, கடையின் மூலையிலேயே ஒரு தபால் கவுண்டர், தெருமுனையில் ஒரு பப், சுற்றிலும் நாலைந்து பண்ணைகள். பஸ் நாளைக்கு மூன்று முறை வந்தாலே அதிகம். அந்தக் கடை மூடிவிட்டால் கார் ஓட்ட முடியாத ஒரு மூதாட்டிக்குப் பால் வாங்குவதே அரைநாள் வேலை. பப் மூடிவிட்டால் ஊரார் சாயங்காலம் கூடிப் பேச ஒரு கூரை கிடையாது.

இந்த மாதிரிக் கடைக்கும் பப்புக்கும் பண்ணைக்கும் அரசு பல வரிச் சலுகைகள் தருகிறது. முதல்முறை கேட்பவருக்குத் தலை சுற்றும். அவ்வளவு பெயர்கள், அவ்வளவு வரம்புகள். ஆனால் பெரிய சலுகைகளின் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். வரி போடுவது சொத்தின் மதிப்பைப் பார்த்து. வரி கட்டுவதோ கல்லாவில் இருக்கும் பணத்திலிருந்து. நகரத்தில் இந்த இரண்டும் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிராமத்தில் இரண்டுக்கும் நடுவே வெகுதூரம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் சலுகைகள் வந்தன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் வணிகக் கட்டடங்கள் மீதான வரி. ஆங்கிலத்தில் 'பிசினஸ் ரேட்ஸ்' என்பார்கள். பிரிட்டனில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் பலரும் 'ரேட்ஸ்' என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் என்றால், கடை, அலுவலகம், பட்டறை, பப் எல்லாவற்றுக்கும் ரேட்ஸ். வேர் மிகப் பழையது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தில் ஊர் ஏழைகளைக் காப்பாற்ற நில உடைமையைப் பார்த்து வசூலித்த தொகையிலிருந்து கிளைத்தது. இன்றைய வடிவம் 1990இல் வந்தது. இங்கே நான் ரேட்ஸ் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்தின் விதிகள்; ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு.

கணக்கு இப்படி. ஒரு கட்டடத்தை வெளிச் சந்தையில் வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பீட்டு அலுவலகம் ஒரு தொகையைக் குறிக்கிறது. அதற்கு 'ரேட்டபிள் வேல்யூ' என்று பெயர்; வரி மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பை அரசு ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும் ஒரு விகிதத்தால் பெருக்கினால் பில் வந்துவிடும். 2025-26இல் சிறு வணிகங்களுக்கான விகிதம் ஒரு பவுண்டுக்கு 49.9 பென்ஸ். அதாவது 10,000 பவுண்டு வரி மதிப்புள்ள இடத்துக்கு 4,990 பவுண்டு பில். சலுகை எதுவும் இல்லாவிட்டால், அந்த வருடம் உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தாலே கட்ட வேண்டும்.

இங்கேதான் முதல் சலுகை வருகிறது. சிறு வணிகத் தள்ளுபடி. வரி மதிப்பு 12,000 பவுண்டு வரை உள்ள இடத்துக்கு முழுத் தள்ளுபடி, பில் பூஜ்யம். 12,000க்கு மேல் போனால் தள்ளுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 15,000இல் தீர்ந்துவிடும். இது கிராமம், நகரம் இரண்டுக்கும் பொது. ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: பொதுவாக ஓர் இடம் மட்டுமே வைத்திருப்பவருக்குத்தான் இது. இரண்டாவது கடை எடுத்தால், மிகச் சிறிய இடமாக இருந்தாலோ தொடக்கத்தில் தரும் குறிப்பிட்ட கால அவகாசம் வரையிலோ தவிர, தள்ளுபடி போய்விடும்.

இரண்டாவதுதான் கிராமத்துக்கென்றே உள்ளது. கிராமப்புற ரேட்ஸ் தள்ளுபடி. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 3,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள கிராமப்புறக் குடியிருப்பில் ஒரே மளிகைக் கடை அல்லது ஒரே தபால் நிலையம், வரி மதிப்பு 8,500 பவுண்டுக்குள் இருந்தால் அதற்குக் கிடைக்கும். ஒரே பப் அல்லது ஒரே பெட்ரோல் பங்க் என்றால் வரம்பு 12,500 பவுண்டு. முதலில் கட்டாயத் தள்ளுபடி பாதிதான். 2017 முதல் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், மீதிப் பாதியையும் சேர்த்துக் கொடுக்க அரசு பணம் தந்தது. 2024 ஏப்ரல் முதல் சட்டப்படியே 100 சதவீதம்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஒரே' என்பது. கடைக்காரர் ஏழையா பணக்காரரா என்று சட்டம் பார்க்கவில்லை. இவர் போய்விட்டால் ஊருக்கு வேறு யார் இருக்கிறார் என்று பார்க்கிறது. இரண்டு பப் உள்ள ஊரில் இரண்டுக்குமே இது கிடையாது. ஒன்று மூடிவிட்டால் மிஞ்சியது தகுதி பெறும். மளிகை ஓரிடத்திலும் தபால் நிலையம் வேறிடத்திலும் இருந்தால் இரண்டும் அதனதன் வகையில் 'ஒரே'தான், இரண்டுமே பெறலாம். ஆனால் மளிகை என்றால் சாப்பாட்டுப் பொருளும் வேண்டும், சோப்பு, மெழுகுவத்தி போன்ற வீட்டுச் சாமானும் வேண்டும். மிட்டாயும் பரிசுப் பொருளும் மட்டும் விற்கும் கடை இதில் வராது.

சரி, சிறு வணிகத் தள்ளுபடியிலேயே பூஜ்யம் ஆகும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒருவர் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு மளிகைக் கடை நடத்துகிறார் என்று வையுங்கள். 'ஓர் இடம்' என்ற நிபந்தனையால் அவருக்குச் சிறு வணிகத் தள்ளுபடி போய்விடுகிறது. கிராமத் தள்ளுபடிக்கு அந்த நிபந்தனை இல்லை. இரண்டு ஊரிலும் அவர் கடைதான் ஒரே கடை என்றால் இரண்டுக்கும் முழுத் தள்ளுபடி வாங்கலாம். பிரிட்டனில் ஈழத்தமிழர் பலர் மளிகைக் கடையும் பெட்ரோல் பங்க்கும் தபால் கவுண்டரும் நடத்துகிறார்கள். லண்டனிலிருந்து வெளியே போய் ஒன்றுக்கு இரண்டாக எடுக்க நினைப்பவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்தால் வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு மிச்சம்.

இனி பப். ஒரு கடையின் வரி மதிப்பை அதன் தரைப்பரப்பை அளந்து கணக்கிடுவார்கள். பப்புக்கு அப்படிச் செய்வதில்லை. திறமையாக நடத்தும் ஓர் ஆள் இந்த இடத்தில் மது, சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு வியாபாரம் செய்ய முடியும் என்று முதலில் மதிப்பிடுவார்கள். அதில் ஒரு பங்குதான் வரி மதிப்பு. பேச்சளவில் நியாயம்தான். நடைமுறையில் என்ன ஆகிறது? கிராமத்து பப்புகள் பீரை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாமல் சமையலறை வைத்து ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், வெளியூர்க்காரருக்கு அறை என்று விரிவு செய்தன. வியாபாரம் கூடியது, வரி மதிப்பும் கூடியது. ஆனால் சமையற்காரர் சம்பளமும் இறைச்சி விலையும் கேஸ் பில்லும் போக லாபம் அதே அளவில் கூடவில்லை. மதிப்புக்கும் கல்லாவுக்கும் இடையிலான தூரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது பப்பில்தான் மிகவும் வலிக்கிறது. இப்படி வளர்ந்த பப் 12,500 என்ற கிராம வரம்பையும் எளிதில் தாண்டிவிடும்.

அதனால் பப்புகள் நம்பியிருந்தது வேறொரு சலுகையை. கோவிட் காலத்தில் சில்லறைக் கடை, விருந்தோம்பல், பொழுதுபோக்குத் துறைகளுக்கு ஒரு தள்ளுபடி வந்தது. 2020-21இல் ரேட்ஸே இல்லை. பிறகு படிப்படியாகக் குறைந்தும் கூடியும் 2023 முதல் இரண்டு ஆண்டுகள் 75 சதவீதம், 2025-26இல் 40 சதவீதம் என்று நின்றது. 2026 மார்ச்சோடு அது முடிந்தது. அதற்குப் பதிலாக அந்தத் துறைகளுக்கென்று குறைந்த விகிதம் ஒன்று நிரந்தரமாக வந்தது: சிறு இடங்களுக்கு 38.2 பென்ஸ்.

49.9 எங்கே, 38.2 எங்கே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே 2026 ஏப்ரலில் வரி மதிப்புகளைப் புதிதாகப் போடும் மறுமதிப்பீடும் வந்தது. பழைய மதிப்பு 2021 ஏப்ரல் நிலவரப்படி போடப்பட்டது. அது ஊரடங்குக் காலம், பப்புகளில் வியாபாரமே இல்லை. புதிய மதிப்பு 2024 ஏப்ரல் நிலவரப்படி. பல பப்புகளுக்கு மதிப்பு எகிறியது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி மதிப்பு 24,000 பவுண்டாக இருந்த பப் 2025-26இல் 11,976 பவுண்டு கட்ட வேண்டியது. 40 சதவீதம் கழித்தால் சுமார் 7,186. மறுமதிப்பீட்டில் அதே பப் 30,000 ஆகிறது. புதிய விகிதத்தில் 11,460. விகிதம் இறங்கியும் பில் நாலாயிரத்துக்கு மேல் ஏறிவிட்டது. ஒரே ஆண்டில் இப்படித் தாவாமல் தடுக்க இடைக்காலப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது ஏற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, நீக்குவதில்லை. பப் நடத்துபவர்கள் நாடெங்கும் குரல் எழுப்பினார்கள். 2026 ஜனவரியில் அரசு இறங்கி வந்து, பப்புகளுக்கும் நேரடி இசை அரங்குகளுக்கும் ஏப்ரல் முதல் 15 சதவீதம் தள்ளுபடி, அடுத்த இரண்டு ஆண்டுகள் பணவீக்கத்துக்கு மேல் பில் ஏறாது என்று அறிவித்தது. நம் கற்பனை பப்புக்கு அது சுமார் 9,741 ஆக்கும். முன்பு கட்டியதைவிட இன்னும் அதிகம்தான். மதிப்பிடும் முறையிலேயே கை வைக்காமல் வருடா வருடம் தள்ளுபடியால் ஒட்டுப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த வருட பில் என்னவென்று தெரியாமல் யார் துணிந்து ஒரு வேலையாளைச் சேர்ப்பார்கள்?

பப்புக்கு இன்னொரு உதவி பீப்பாயில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மது வரி திருத்தப்பட்டபோது, குழாய் வழியாக ஊற்றிக் கொடுக்கும் பீருக்கும் ஆப்பிள் மதுவான சைடருக்கும் வரி குறைக்கப்பட்டது. 20 லிட்டருக்குக் குறையாத கொள்கலனில் வர வேண்டும், ஆல்கஹால் 8.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கேன் வாங்கி வீட்டில் குடிப்பவருக்கு இது இல்லை, பப்பில் உட்கார்ந்து குடிப்பவருக்குத்தான். 2025 பிப்ரவரியில் இன்னும் சற்றுக் குறைத்தார்கள். ஒரு பைன்டுக்கு, அதாவது பப்பில் ஊற்றித் தரும் ஒரு பெரிய குவளைக்கு, ஒரு பென்னி. தொகை சின்னது.

அடுத்து பண்ணை. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: உழவர் உயிரோடு இருக்கும்போது ஒன்று, இறந்த பிறகு ஒன்று.

உயிரோடு இருக்கும்போது பெரிய விஷயம், விவசாய நிலத்துக்கும் விவசாயக் கட்டடத்துக்கும் ரேட்ஸே கிடையாது. தள்ளுபடி இல்லை, முழு விலக்கு. 1929இல் வந்தது. களஞ்சியம், மாட்டுக் கொட்டகை, டிராக்டர் ஷெட் எதற்கும் பில் வராது. ஆனால் அந்தக் கட்டடம் விவசாயத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். இந்த 'மட்டுமே' பலரைக் கடித்திருக்கிறது. பழைய களஞ்சியத்தைக் கல்யாண மண்டபம் ஆக்கினால் விலக்கு போய்விடும். காய்கறியும் பாலாடைக்கட்டியும் விற்க ஒரு பண்ணைக் கடை போட்டால் அந்தப் பகுதி ரேட்ஸுக்குள் வரும். சவாரிக் குதிரைகளுக்குக் கொட்டகை வாடகைக்கு விட்டாலும் அப்படியே; சவாரிக் குதிரை விவசாயத்தில் சேராது. 'விவசாயம் மட்டும் போதாது, வேறு தொழிலும் செய்யுங்கள்' என்று அரசுகள் பல காலமாக உழவருக்குச் சொல்லி வருகின்றன. அப்படிச் செய்பவரை முதலில் வரவேற்பது வரி பில் என்றால் அது முரண்பாடு. 2001இல் இதற்கென்று ஐந்து ஆண்டுக்கு ஒரு பாதித் தள்ளுபடி இருந்தது, 2006இல் முடிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம்.

விளைச்சல் ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் கைவிடும் என்பதால் வருமான வரியில் இன்னோர் ஏற்பாடு உண்டு: லாபத்தை இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் சராசரி போட்டுக் கட்டலாம். டிராக்டருக்கு ஊற்றும் சிவப்புச் சாயமிட்ட டீசலுக்கு வரி குறைவு; 2025-26இல் லிட்டருக்கு 10.18 பென்ஸ்தான். அதைச் சாலையில் ஓடும் சாதாரணக் காரில் ஊற்றிப் பிடிபட்டால் அபராதம்.

இப்போது இறந்த பிறகு. அண்மையில் இவ்வளவு கொந்தளிப்பு எழுந்தது இதில்தான். பிரிட்டனில் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு வாரிசு வரி உண்டு. முதல் 3,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம். பண்ணைக்கு இதை அப்படியே போட்டால் என்ன ஆகும்? 400 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், ஏக்கர் 10,000 பவுண்டு என்று வைத்தால், 40 லட்சம் பவுண்டு சொத்துக்காரர். காகிதத்தில் கோடீஸ்வரர்தான். ஆனால் செலவு போக ஏக்கருக்கு 100 பவுண்டு மிஞ்சினால் அவர் வருமானம் 40,000. மகளுக்கு வரி கட்டப் பணம் வேண்டுமென்றால் நிலத்தில் ஒரு துண்டை விற்க வேண்டும். விற்றால் மிஞ்சிய நிலத்தில் பிழைக்க முடியாது. அதனால்தான் 1992 முதல் தகுதியுள்ள விவசாயச் சொத்துக்கு 100 சதவீத வாரிசு வரிச் சலுகை கொடுத்து வந்தார்கள். சொந்தமாக உழுபவர் இரண்டு ஆண்டாவது உழுதிருக்க வேண்டும்; குத்தகைக்கு விட்டவர் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இதில் ஓர் ஓட்டையும் இருந்தது. மண்ணில் கால் வைக்காத செல்வந்தர்கள் வரியைத் தவிர்க்கவே நிலம் வாங்கினார்கள். 2021-22இல் இந்தச் சலுகையின் 40 சதவீதப் பயன், அதைக் கோரியவர்களில் வெறும் 7 சதவீதப் பெரும் சொத்துக்காரர்களுக்குப் போனது என்று அரசின் கணக்கே சொல்கிறது. இதை அடைக்க நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2024 அக்டோபர் 30ஆம் தேதி பட்ஜெட்டில் ஒரு மாற்றத்தை அறிவித்தார். 2026 ஏப்ரல் 6 முதல் விவசாய, வணிகச் சொத்து இரண்டும் சேர்த்து முதல் 10 லட்சம் பவுண்டுக்குத்தான் முழுச் சலுகை, அதற்கு மேல் பாதி. பாதிக்கு 40 சதவீதம் என்றால் நிகர விகிதம் 20 சதவீதம். வட்டியில்லாமல் பத்து ஆண்டில் கட்டலாம்.

நம் 400 ஏக்கர்க்காரரின் கணக்கு: 40 லட்சத்தில் முழுச் சலுகை பெறும் 10 லட்சம் போக மிச்சம் 30 லட்சம், அதில் பாதி 15 லட்சம், அதில் 3,25,000 கழித்தால் 11,75,000, 40 சதவீதம் 4,70,000 பவுண்டு. பத்து ஆண்டுக்குப் பிரித்தால் வருடம் 47,000. பண்ணையில் மிஞ்சுவதோ 40,000. அந்த நவம்பரில் ஆயிரக்கணக்கான உழவர்கள் லண்டனுக்கு வந்தது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஏழு ஆண்டுக்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் வரி இல்லை என்ற விதி உண்டு. ஆனால் எண்பது வயதுக்காரருக்கு அந்த ஏழு ஆண்டு யார் கையில்?

கடைசியில் 2025 டிசம்பரில் வரம்பை 25 லட்சமாக உயர்த்தினார்கள். கணவன் மனைவியில் ஒருவர் பயன்படுத்தாத பங்கு மற்றவருக்குப் போகும். ஆக இருவருமாக 50 லட்சம் வரை. நம் உழவர் துணையில்லாதவர் என்றால் இப்போது வரி 1,70,000, வருடம் 17,000. கட்டலாம், கஷ்டப்பட்டு. தம்பதி என்றால் ஒன்றுமில்லை. ஓட்டையை அடைக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வரம்பு, வரிக்காக நிலம் வாங்கியவரையும் தலைமுறையாக உழுபவரையும் ஒரே கண்ணால் பார்த்தது. அந்தப் பதினான்கு மாதம் பல குடும்பங்கள் தூங்கவில்லை. வரம்பை முதலிலேயே இங்கே வைத்திருக்கலாம்.

நடைமுறைக்கு ஒன்று. விவசாயக் கட்டட விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. கிராமக் கடைத் தள்ளுபடி தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் கவுன்சிலில் கேட்க வேண்டும். உங்கள் ஊர் அவர்களுடைய கிராமப்புறக் குடியிருப்புப் பட்டியலில் இருக்கிறதா, எல்லைக் கோடு உங்கள் கடையை உள்ளே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வரி மதிப்பு வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தால், அந்த மதிப்பே சரிதானா என்று மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்கலாம். சட்டத் தள்ளுபடிக்குள் வராத இடத்துக்கும் கவுன்சில் தன் விருப்பப்படி ஏதாவது தர 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது; ஊருக்கு உங்கள் கடை எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை வந்த பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள், நிறுத்தினால் பாக்கி என்று நோட்டீஸ் வரும்.